செயற்கைக்கோள் ஆய்வு மென்பொருளுக்கு அரசு நிதி: வாசகர் கேள்வி – பதில்

விண்ணியலுக்கும் புவி அறிவியலுக்கும் பயன்படும் திறந்த மூல மென்பொருள்களை (நிரலை யாரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் இடம் தருபவை) எழுதிவரும் ஆசிரியர்களும் மாணவர்களும் இளைஞர்களும் அரசு நிதி பெறுவது குறித்துக் கேட்ட கேள்விகளுள் சில இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கேள்வி: கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளோடு கூடுதலாக இணைந்து இயங்கும் ஒரு செருகுநிரலை நானும் என் மாணவர்களும் எழுதியுள்ளோம். கீழ்பவானி ஆயக்கட்டில் எந்த மதகின் கீழ் எவ்வளவு பரப்பில் நெல் நடப்பட்டிருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அது கணக்கிடுகிறது. நிரல் முழுவதையும் திறந்த மூலமாக வெளியிட்டிருக்கிறோம். இதைத் தொடர்ந்து வளர்ப்பதற்கு மத்திய அரசில் யாரை அணுக வேண்டும்? விண்ணப்பத்தை எப்படி எழுத வேண்டும்?
— உதவிப் பேராசிரியர், பெருந்துறை

பதில்: தங்கள் பணி நிதி கேட்கும் தகுதி உடையது. ஆனால் முதலில் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். நம் நாட்டில் இத்துறைகளுக்கு நிதி வழங்கும் அரசு அமைப்புகள் பெரும்பாலும் ஓர் அறிவியல் கேள்விக்குத்தான் பணம் தருகின்றன. அந்தக் கேள்விக்கு விடை தேடும் வழியில் உருவாகும் பொருளாகவே மென்பொருள் அவற்றின் படிவங்களில் இடம்பெறுகிறது. ஆகவே, 'எங்களிடம் ஒரு மென்பொருள் இருக்கிறது, அதை மேம்படுத்தப் பணம் வேண்டும்' என்று தொடங்கும் விண்ணப்பம், எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், பின்தங்கிவிடும்.

அணுகத்தக்க இடங்களுள், கல்வி நிறுவனங்களின் ஆய்வுக்கு நிதி தரும் இஸ்ரோவின் ரெஸ்பாண்ட் திட்டம், 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அமைந்து முன்பிருந்த அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியத்தைத் தன்னுள் ஏற்றுக்கொண்ட அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, அறிவியல் தொழில்நுட்பத் துறை, புவி அறிவியல் அமைச்சகம் ஆகியவை முக்கியமானவை. தங்கள் பொருளுக்கு ரெஸ்பாண்டையே முதலில் நாட வேண்டும் என்பது என் கருத்து. இஸ்ரோவின் மையங்கள் தங்களுக்கு விடை தேவைப்படும் ஆய்வுப் பொருள்களைத் தொகுத்து வெளியிடுகின்றன. அந்தத் தொகுப்பைப் பொறுமையாகப் படித்து, அகமதாபாத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையமோ ஐதராபாத்தின் தேசிய தொலையுணர்வு மையமோ கேட்டிருக்கும் ஒரு பொருளோடு தங்கள் பணி பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்தினால் அந்தப் பொருளின் பெயரை விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே குறிப்பிடுங்கள். பொருந்தாததை வலிந்து பொருத்த வேண்டாம். துறை அறிந்தவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

கேள்வியை எப்படி அமைப்பது என்பதுதான் இதில் கடினமான பகுதி. கீழ்பவானியின் 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டு, ஒன்று 1,03,500 ஏக்கர் வீதம் இரு பாதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒற்றைப்படை மதகுகளுக்கும் இரட்டைப்படை மதகுகளுக்கும் முறைவைத்து நஞ்சைக்கும் புஞ்சைக்கும் தண்ணீர் விடப்படுவது தங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அகமதாபாத்தில் அமர்ந்து விண்ணப்பத்தைப் படிக்கும் மதிப்பீட்டாளருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஒரே மழை, ஏறத்தாழ ஒரே மண், ஒரே கால்வாய். ஆனாலும் அடுத்தடுத்த மதகுகளில் ஒன்றின் கீழ் நெல் நிற்க, மற்றதன் கீழ் அது இருக்கக்கூடாது என்பது விதி. செயற்கைக்கோள் கணிப்பு சரியா தவறா என்று சோதிப்பதற்கு இப்படிப்பட்ட களம் எளிதில் வாய்க்காது. நாம் அன்றாடம் பார்த்துப் பழகியதாலேயே அதன் அருமையை எழுதாமல் விட்டுவிடுகிறோம்.

அதோடு, முதல் போகம் ஆகஸ்டு நடுவில் தொடங்கி மழை மேகம் சூழ்ந்த மாதங்களில் நடப்பதால், சாதாரணப் படங்கள் பல நாள்களில் பயன்படாமல் போகும். ஐரோப்பாவின் சென்டினல் 1 செயற்கைக்கோளின் ரேடார் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். நாற்று நட்ட வயலில் தேங்கிய நீர் ரேடார் அலையைக் கண்ணாடி போல வேறு திசைக்குத் திருப்பிவிடுவதால் அந்த வயல் படத்தில் கருமையாகத் தெரியும். பயிர் தூர் கட்டி வளர வளர அதே இடம் வெளுத்துக்கொண்டே வரும். இந்த மாற்றம் கடைமடையில் எத்தனை நாள் பிந்தி நிகழ்கிறது என்பதே ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி. 'வேளாண்மைக்கு உதவும் ஒருங்கிணைந்த திறந்த மூலத் தளம் உருவாக்குதல்' என்ற தலைப்பு எதையும் சொல்வதில்லை. 'முறைப்பாசனக் கால்வாயில் மதகுவாரியாக நடவு நாளை ரேடார் படங்களிலிருந்து கணித்தல்: கீழ்பவானி ஆயக்கட்டில் களச் சோதனையும், நிரலையும் சரிபார்ப்புத் தரவையும் திறந்த உரிமத்தில் வெளியிடலும்' என்று எழுதினால், என்ன செய்யப் போகிறீர்கள், எங்கே செய்யப் போகிறீர்கள், முடிவில் நாட்டுக்கு என்ன மிஞ்சும் என்ற மூன்றும் தலைப்பிலேயே தெரிந்துவிடுகின்றன.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ரேடார் படங்களைக் கொண்டு நெற்பரப்பைக் கணிக்கும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறது. அது இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்வி உறுதியாக வரும். அதற்கான விடையைத் தாங்களே முந்திக்கொண்டு எழுதிவிட வேண்டும். முடிந்தால் கோவைக்குச் சென்று அத்துறையினரிடமே பேசி, அவர்களுள் ஒருவரைத் துணை ஆய்வாளராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: படங்களுக்குப் பணம் கட்ட வேண்டியிருக்குமே, அதற்கும் சேர்த்து நிதி கேட்கலாமா?
— ஆசிரியை, பொள்ளாச்சி

பதில்: பெரும்பாலான பணிகளுக்குத் தேவைப்படாது. அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐரோப்பாவின் சென்டினல் படங்கள் தொடக்கத்திலிருந்தே இலவசம். 2023ஆம் ஆண்டின் இந்திய விண்வெளிக் கொள்கைப்படி, ஒரு புள்ளியின் தரை அளவு 5 மீட்டரோ அதற்கு மேலோ உள்ள நம் செயற்கைக்கோள் படங்களும் திறந்த தரவாக வழங்கப்பட வேண்டியவை. 2025 ஜூலை 30 அன்று ஏவப்பட்ட நைசார் செயற்கைக்கோளின் ரேடார் தரவும் எல்லோருக்கும் பொதுவானதே. சென்டினல் 2 படத்தின் ஒரு புள்ளி தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டரை சென்ட். லேண்ட்சாட்டின் ஒரு புள்ளி ஏறத்தாழ 22 சென்ட். தென்னந்தோப்பில் ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்றால் மட்டும் இவை போதா.

கேள்வி: ஐயா, வணக்கங்க. நான் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை செய்பவன். எங்கள் அப்புச்சி களத்துமேட்டில் படுத்துக்கொண்டு விண்மீன்களைக் காட்டிச் சொல்லிக்கொடுத்ததில் வந்த ஆர்வத்தால், சூரியனை ஆராயும் ஆதித்யா எல்1 விண்கலத்தின் எக்ஸ் கதிர்த் தரவைப் படித்து வரைபடமாக்கும் பைத்தான் மொழி நிரல் நூலகம் ஒன்றை ஓய்வு நேரத்தில் எழுதி வருகிறேன். எந்தக் கல்லூரியிலும் நான் பணியில் இல்லை. தனிமனிதனாக அரசு நிதிக்கு விண்ணப்பிக்க முடியுங்களா?
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: நேரடியாக முடியாது என்பதே உண்மை நிலை. ஆய்வு நிதி தரும் மத்திய அரசு அமைப்புகள் அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனத்தையோ ஆய்வு நிறுவனத்தையோ நம்பித்தான் பணத்தை விடுவிக்கின்றன. முதன்மை ஆய்வாளர் அங்கே நிலையான பணியில் இருக்க வேண்டும். நிறுவனத் தலைவர் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். திறமையுள்ளவர்கள் இந்த வாசலில் தடுக்கப்படுவது எனக்கு வருத்தம் அளிக்கிறது. ஆனாலும் விதி அதுதான்.

இதற்காகவே ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்றே சொல்வேன். தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிவு, தணிக்கை செய்யப்பட்ட முந்தைய ஆண்டுகளின் கணக்கு, வருமான வரிப் பதிவுகள் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தேவைப்படும். நிரல் எழுதுவதை விட்டுவிட்டு ஆடிட்டர் அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருப்பீர்கள். தொழில் நிறுவனம் தொடங்கும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால் மட்டும் விண்வெளித் துறையில் தனியாரை ஊக்குவிக்கும் மத்திய அரசின் இன்ஸ்பேஸ் அமைப்பின் திட்டங்களையும், மாநில அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் வழியே புதுத்தொழில்களுக்குத் தொடக்க நிதி தரும் டான்சீட் திட்டத்தையும் பாருங்கள். அங்கே வருமானம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு விடை இருந்தாக வேண்டும்.

தங்கள் நிலையில் பயன் தரக்கூடியது வேறு வழி. சூரிய இயற்பியலாளர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் சன்பை என்ற திறந்த மூல நூலகத்தின் குழுவினரோடு பேசி, தங்கள் நூலகத்தை அதனோடு இணைந்த தொகுப்பாக ஏற்றுக்கொள்ளச் செய்ய முயலுங்கள். அது நடந்தால், ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்குச் சான்று தானாக உருவாகும். அந்தச் சான்றோடு கோவையிலோ ஈரோட்டிலோ உள்ள ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையை அணுகினால், பேராசிரியர் ஒருவர் முதன்மை ஆய்வாளராக இருக்க, திட்டப் பணியாளராகத் தாங்கள் சம்பளம் பெற வழி உண்டு. அதற்கான தகுதியைப் பணி அறிவிப்பில் எழுதும்போதே அவரிடம் பேசிக்கொள்ள வேண்டும். அரசு நிதியாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால், ஃபாஸ் யுனைடெட் அறக்கட்டளையும், செரோதா நிறுவனம் 2024இல் தொடங்கிய ஃப்ளாஸ் நிதியும் திறந்த மூலத் திட்டங்களுக்கே உதவுகின்றன.

கேள்வி: நாசா திறந்த மூல அறிவியலுக்கென்றே நிதி வழங்குவதாக அறிந்தேன். கோவையில் இருந்தபடி அதற்கு விண்ணப்பிக்கலாமா?
— ஆய்வு மாணவி, கோயம்புத்தூர்

பதில்: நாசா ஆண்டுதோறும் ரோசஸ் என்ற பெயரில் விண்வெளி, புவி அறிவியல் ஆய்வுகளுக்கான அழைப்புகளைத் தொகுத்து வெளியிடும் வழக்கம் உள்ளது. அதில் அண்மை ஆண்டுகளில் திறந்த மூலக் கருவிகள், நூலகங்கள் ஆகியவற்றின் பராமரிப்புக்கென்றே தனிப் பிரிவுகள் இடம்பெற்றன. புதிதாக ஒன்றை உருவாக்குவதற்கு மட்டுமன்றி, ஏற்கெனவே பலர் பயன்படுத்தும் ஒன்றைப் பழுதில்லாமல் வைத்திருப்பதற்கும் அரசு பணம் தரலாம் என்று ஏற்றுக்கொண்டதே அதன் சிறப்பு. அந்த எண்ணம் நம் நாட்டு நிதி அமைப்புகளுக்கும் வர வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம்.

ஆனால் பணம் இந்தியாவுக்கு வராது. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள நிறுவனங்கள், பணப் பரிமாற்றம் இல்லாத அடிப்படையில் மட்டுமே பொதுவாக அத்திட்டங்களில் பங்கேற்கலாம். தங்கள் பங்குக்கான செலவைத் தங்கள் நாட்டு நிதியிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும். எனவே அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் விண்ணப்பத்தில் கூட்டாளியாகப் பெயர் சேர்ப்பது மதிப்புத் தரும், சம்பளம் தராது. வேறு நாடுகளிலிருந்து நிதி வருவதாக இருந்தாலும், வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010 தங்கள் கல்லூரிக்கு எப்படிப் பொருந்துகிறது என்பதைப் பதிவாளரிடம் முன்கூட்டியே எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இருந்தாலும் நாசாவின் அந்த அழைப்புகளைப் படிப்பது வீணாகாது. நிதி பெறுவோர் மென்பொருளையும் தரவையும் எப்போது, எங்கே, எந்த உரிமத்தில் வெளியிடுவார்கள் என்பதை ஒரு தனித் திட்டமாக எழுதித் தர வேண்டும் என்று அவை கேட்கின்றன. அதேபோன்ற இரண்டு பக்கத் திட்டத்தைத் தங்கள் இந்திய விண்ணப்பத்தில், யாரும் கேட்காவிட்டாலும், இணைத்து அனுப்புங்கள்.

கேள்வி: நொய்யல் வடிநிலக் குளங்களில் நீரின் கலங்கல் எப்படி மாறுகிறது என்பதைப் படங்களிலிருந்து கணிக்கும் மென்பொருளுக்கு நிதி கேட்கவிருக்கிறோம். அரசுப் பணத்தில் எழுதிய நிரலைத் திறந்த மூலமாக வெளியிட அனுமதிப்பார்களா?
— பேராசிரியர், திருப்பூர்

பதில்: ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன் கேட்டால் அனுமதி கிடைக்கும் வாய்ப்பு அதிகம், பின்னால் கேட்டால் குறைவு. நிதி தரும் அமைப்பின் நிபந்தனைகளில் அறிவுசார் சொத்துரிமை யாருக்கு என்ற பிரிவு இருக்கும். தங்கள் நிறுவனத்துக்கும் இதில் தனிக் கொள்கை இருக்கலாம். ஆகவே எந்த உரிமத்தில் வெளியிடப் போகிறீர்கள் என்பதை விண்ணப்பத்திலேயே பெயர் சொல்லி எழுதிவிடுங்கள். அரசுத் துறைகள் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்ற மத்திய அரசின் 2015ஆம் ஆண்டுக் கொள்கையையும், பொதுப் பணத்தில் உருவான தரவைப் பகிர வேண்டும் என்ற 2012ஆம் ஆண்டுத் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கையையும் துணைக்குக் காட்டலாம். கியூஜிஐஎஸ் செருகுநிரலாக வெளியிடுவதென்றால் உரிமம், மாற்றி வெளியிடும் நிரலும் திறந்ததாகவே இருக்க வேண்டும் என்று கோரும் ஜிபிஎல் வகைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நிரலைத் திறப்பது வேறு, களத்தில் திரட்டிய எல்லாவற்றையும் திறப்பது வேறு. எந்தக் குளத்தில் எந்த நாளில் நீர் மாதிரி எடுக்கப்பட்டது என்பதைத் தாராளமாக வெளியிடலாம். ஆனால் பேட்டி கண்ட விவசாயியின் பெயர், கைப்பேசி எண், புல எண் ஆகியவை வெளியே போகக்கூடாது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டுமல்ல, சாயக் கழிவால் நிலத்தையும் கிணற்றையும் இழந்த மக்கள் நம்மை நம்பிச் சொன்னவை அவை என்பதற்காகவும்.

கேள்வி: எங்கள் கல்லூரிக்கு முதன்முறையாக ஆய்வு நிதி வரவிருக்கிறது. செலவுத் தலைப்புகளை எப்படிப் பிரிப்பது?
— நிர்வாக அலுவலர், சேலம்

பதில்: மென்பொருள் பணியில் பெருஞ்செலவு ஆளுக்குத்தான். பெரிய கணினி வாங்குவதை முதலில் எழுதி, ஆளுக்கான தொகையைக் குறைத்துவிடுவது பரவலாகக் காணப்படும் பழக்கம். கருவி வந்து சேர்ந்த பிறகு அதை இயக்க ஆள் இருக்காது. இளநிலை ஆய்வாளரின் மாத உதவித்தொகை 2023 முதல் 37,000 ரூபாயாகவும், வீட்டு வாடகைப்படி தனியாகவும் உள்ளது. அதை அடிப்படையாக வைத்து ஆண்டுக் கணக்கைப் போடுங்கள். பராமரிப்பு என்ற பெயரில் படிவத்தில் தலைப்பு இருக்காது. ஆகையால் கடைசி ஆண்டில் ஆவணம் எழுதுதல், பிழை திருத்தம், பயனர் பயிற்சி ஆகியவற்றை ஆய்வாளரின் பணி விவரத்திலேயே சேர்த்துவிட வேண்டும். ஒரு ரேடார் படக் கோப்பு ஏறத்தாழ ஒரு ஜிபி அளவு வரும் என்பதால் சேமிப்பகத்துக்கும் இணைய இணைப்புக்கும் தொகை ஒதுக்க மறக்காதீர்கள்.

கணக்கைப் பொறுத்தவரை, 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின் 12ஏ படிவத்தில், பணம் உரிய நோக்கத்துக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் தராமல் அடுத்த தவணை வராது. திட்டத்துக்கென்று தனி வங்கிக் கணக்கும் தனிப் பேரேடும் வைத்து, வட்டியையும் அதிலேயே காட்டுங்கள். அந்த வட்டி கல்லூரிக்குச் சொந்தமானது அன்று.

கேள்வி: நான் அனுப்பிய முன்மொழிவை ஒரு நிதி அமைப்பு 'பயன்பாடு தெளிவாக இல்லை' என்ற ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டது. மூன்று மாவட்ட மாணவர்கள் எங்கள் நிரலைப் பயன்படுத்துகிறார்கள். மீண்டும் முயல்வதில் பொருள் இருக்கிறதா?
— பேராசிரியை, தாராபுரம்

பதில்: நிச்சயம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 10 அன்று கருந்துளையின் முதல் படம் வெளியாகி உலகமே கொண்டாடியது. அந்தப் படத்தை உருவாக்குவதில் வரைபடம் வரையும் மேட்பிளாட்லிப் உள்ளிட்ட பைத்தான் திறந்த மூல நூலகங்களுக்குப் பெரும் பங்கு இருந்தது. அதன்பின் ஐந்தே நாளில், அந்த நூலகங்கள் அடங்கிய குடும்பத்துக்கு ஆதரவு கேட்டிருந்த ஒரு விண்ணப்பத்தை, போதிய தாக்கம் இல்லை என்று அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை நிராகரித்தது. உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் ஓடும் நிரல்களுக்கே அந்த நிலை என்றால், தாராபுரத்திலிருந்து சென்ற விண்ணப்பத்துக்கு ஒருமுறை மறுப்பு வந்ததில் தங்கள் தகுதிக்குக் குறை ஒன்றும் இல்லை.

திறந்த மூல மென்பொருளை யார் பதிவிறக்குகிறார்கள், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது எழுதியவருக்கே தெரியாமல் போய்விடுகிறது. விலைச்சீட்டு இல்லாத பொருளுக்கு விற்பனைக் கணக்கும் இருப்பதில்லை. ஆகவே பயன்பாட்டைக் கண்ணுக்குத் தெரியும்படி ஆக்குவதைத் தாங்கள்தான் செய்ய வேண்டும். மூன்று மாவட்ட மாணவர்கள் என்று பொதுவாகச் சொல்வதைவிட, எந்தக் கல்லூரியில் எந்தப் பாடத்தில் அது சேர்க்கப்பட்டுள்ளது என்று துறைத் தலைவர்களிடம் கடிதம் வாங்குங்கள். நிரலின் ஒவ்வொரு பதிப்பையும் செனோடோ என்ற இணையக் களஞ்சியத்தில் சேர்த்தால், கட்டுரைகளில் சுட்டுவதற்கான நிலையான அடையாளமாகிய டிஓஐ எண் கிடைக்கும். ஆய்வுக் கட்டுரைகள் அந்த எண்ணைச் சுட்டும்போது கணக்கு சேரும். யாராவது பிழை ஒன்றைத் தெரிவித்திருந்தால், அதைத் திருத்திய வரலாற்றையும் இணைப்பில் காட்டுங்கள். பிழை தெரிவிக்கப்பட்டது என்பதே யாரோ பயன்படுத்துகிறார்கள் என்பதற்குச் சான்று. அமராவதி பாசன சபை ஒன்று தங்கள் வரைபடத்தைக் கூட்டத்தில் வைத்துப் பேசியிருந்தால், சபைத் தலைவரின் கடிதம் பேராசிரியர்களின் பரிந்துரைகளுக்கு மேலான எடை உடையது.

மறுப்புக் கடிதத்தின் அந்த ஒரு வரியை அப்படியே எடுத்தெழுதி, அதற்குத் தாங்கள் செய்த மாற்றங்களை அதன் கீழே குறிப்பிட்டு, புதிய முன்மொழிவின் முதல் பக்கத்தில் வையுங்கள். அதே அமைப்பின் அடுத்த அழைப்பு வரும் வரை காத்திருக்காமல், அதன் திட்ட அலுவலருக்கு இப்போதே எழுதி, மதிப்பீட்டாளரின் முழுக் குறிப்பும் கிடைக்குமா என்று கேளுங்கள்.